சத்தியமா, உறுதிமொழியா? குவேக்கர்களோடு என் திருச்சபை நடத்திய நெடிய வழக்கு

கடந்த ஆண்டு ஒரு சாலை விபத்து வழக்கில் சாட்சி சொல்வதற்காகச் சிங்கப்பூரின் ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். விபத்துக்கும் எனக்கும் வேறு தொடர்பு கிடையாது. அது நடந்தபோது எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன், அவ்வளவுதான். தமிழில் பேச விரும்புவதாகச் சொல்லியிருந்ததால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். சாட்சிக் கூண்டில் ஏறியதும் அந்த அம்மையார், "ஐயா, கடவுள் பெயரால் சத்தியம் செய்கிறீர்களா, உறுதிமொழி எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். நான் பிறந்தது முதல் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்தவன். எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவன். ஒரு நொடிகூட யோசிக்காமல் "சத்தியம்" என்றேன். செய்தும் முடித்தேன்.

அந்த வாரமே வீட்டு ஜெபத்தில் இயேசுவின் மலைப்பிரசங்கத்தை வாசிக்க நேர்ந்தது. "பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்" என்ற வரியை என் இளைய மகள் வாசித்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற அடுத்த வரிகளையும் அவளே வாசித்தாள். "அப்பா, நீங்க கோர்ட்ல செஞ்சது?" என்று அவள் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அப்பா விட்டுச்சென்ற பழைய ஆங்கில ஜெபப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சாகியிருக்கும் எங்கள் திருச்சபையின் 39 மதக் கோட்பாடுகளை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். அவற்றுள் கடைசியான 39ஆம் கோட்பாடு சரியாக இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். வீணாகவும் பதற்றத்திலும் ஆணையிடுவதை இயேசுவும் யாக்கோபும் விலக்கியிருக்கிறார்கள் என்று அது முதலில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் நீதிபதி கேட்கும்போது, நியாயத்தோடும் உண்மையோடும் ஒருவர் ஆணையிடுவதைக் கிறிஸ்தவ மார்க்கம் தடுக்கவில்லை என்று முடிக்கிறது. 1571இல் இறுதி வடிவம் பெற்ற அந்த வாசகம், ஆணையிட மறுத்த அக்காலக் கிறிஸ்தவக் குழுவினரான அனபாப்திஸ்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் அதற்கு முழுப் பலத்தோடு எதிர்நின்றவர்கள் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு வடஇங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர். அந்த இரவிலிருந்து பல மாதங்கள் நான் அவர்களுடைய வரலாற்றையும் என் திருச்சபை அவர்களை நடத்திய விதத்தையும் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததைவிடப் படித்தபின் மனத்தில் நின்றதையே இங்கே எழுதுகிறேன்.

குவேக்கர்கள் தங்களை "நண்பர்கள்" என்றே அழைத்துக்கொண்டார்கள். நடுங்குகிறவர்கள் என்ற பொருள் தரும் குவேக்கர் என்ற பெயரை 1650இல் டார்பி நகர நீதிபதி ஒருவர் கேலியாகச் சூட்டினார். தேவனுடைய வார்த்தைக்கு நடுங்குங்கள் என்று ஜார்ஜ் ஃபாக்ஸ் அவரிடமே சொல்லியிருந்தார். ஃபாக்ஸ் 1624இல் லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். பல்கலைக்கழகம் போனதில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டால் மட்டும் ஒருவர் தேவ ஊழியராகிவிட முடியாது என்ற தெளிவு தமக்குள் பிறந்ததாக அவர் சொன்னார். திருச்சபையின் குருத்துவ முறையின் அடிக்கல்லையே அது அசைத்தது. "உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளியே அந்த மெய்யான ஒளி" என்ற யோவான் சுவிசேஷ வசனத்தை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். எந்த மனுஷனையும் என்றால் ஆடு மேய்ப்பவரையும், வீட்டு வேலைக்காரியையும், எழுத்தறியாதவரையும்தான். அந்த ஒளியைக் கேட்டு நடப்பவருக்கு இடையில் நின்று விளக்கிச்சொல்ல, சம்பளம் வாங்கும் குருவானவர் எதற்கு என்பது அவருடைய கேள்வி.

ஆணையிடும் விஷயத்துக்கே முதலில் வருகிறேன், என்னை இங்கே இழுத்துவந்தது அதுதான். தமிழில் சத்தியம் என்ற ஒரே சொல் உண்மையையும் குறிக்கிறது, ஆணையிடுதலையும் குறிக்கிறது. குவேக்கர்களின் வாதத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் இருக்குமா என்று தெரியவில்லை. எப்போதும் உண்மை பேசக் கடமைப்பட்டவர் நீதிமன்றத்தில் மட்டும் இன்னொரு முறை சத்தியத்துக்குள் நுழைய வேண்டும் என்றால், வெளியே அவர் பேசுவது எந்த அளவுக்கு உண்மை? மனிதரின் பேச்சுக்கு இரண்டு அளவுகோல்களை ஒப்புக்கொள்வதே பாவம் என்றார்கள் அவர்கள். கடையில் பொருளுக்கு ஒரே விலை சொல்லி, பேரம் பேச மறுத்ததும் இதே காரணத்தால்தான். தேக்கா சந்தையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேரம் பழகிய எனக்கு அது முதலில் வேடிக்கையாகப் பட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால், இதற்குக் குறைத்து விற்கமாட்டேன் என்று மனத்தில் முடிவுசெய்யாத விலையை வாயால் சொல்வதும் பொய்தானே என்ற அவர்களுடைய கூற்றுக்கு மறுப்பு கிடைக்கவில்லை.

இந்த மறுப்பை அரசும் திருச்சபையும் ஒரு பொறியாக மாற்றின. 1605இல் கத்தோலிக்கர் சிலர் நாடாளுமன்றத்தைத் தகர்க்கத் தீட்டிய வெடிமருந்துச் சதிக்குப் பிறகு கத்தோலிக்கர்களைப் பிடிப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட அரச விசுவாச ஆணை ஒன்று சட்டத்தில் இருந்தது. வேறு எந்தக் குற்றமும் நிரூபிக்க முடியாத குவேக்கரை நிறுத்தி, அந்த ஆணையை எடு என்று சொன்னால் போதும். அவர் மறுப்பார், சிறைக்குப் போவார். 1664இல் லான்காஸ்டர் நீதிமன்றத்தில் ஃபாக்ஸிடம் அதைத்தான் செய்தார்கள். கையில் வேதாகமத்தைக் கொடுத்து ஆணையிடச் சொன்னபோது அவர், இந்தப் புத்தகமே சத்தியம்பண்ண வேண்டாம் என்கிறது, அதைச் சொல்கிற என்னைச் சிறையில் வைக்கிறீர்களே, அதையே சொல்லும் புத்தகத்தை ஏன் சிறையில் வைக்கவில்லை என்ற பொருளில் கேட்டார். லான்காஸ்டரிலும் பிறகு கடலோரத்து ஸ்கார்பரோ கோட்டையிலுமாக அவர் 1666 செப்டம்பர் வரை, இரண்டரை ஆண்டுக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தார். அதே நீதிமன்றத்தில் மார்கரெட் ஃபெல் என்ற பெண்மணியும் ஆணையிட மறுத்தார். நீதிபதி ஒருவரின் விதவையான அவருக்குச் சொத்துப் பறிமுதலும் அரசர் விரும்பும்வரை சிறையும் தீர்ப்பாகி, 1668இல்தான் விடுதலை கிடைத்தது. சிறையில் இருந்தபடியே அவர், பெண்கள் சபையில் பேசுவதற்கு வேதம் இடம் தருகிறது என்று நிலைநாட்டும் நூலை எழுதினார். அது 1666இல் வெளிவந்தது. இங்கிலாந்துத் திருச்சபை முதல் பெண் குருக்களை அபிஷேகம் செய்தது 1994இல். இடையில் உள்ள 328 ஆண்டுகளை நான் இரண்டு முறை கழித்துப் பார்த்துச் சரிபார்த்தேன்.

அடுத்து, விளக்கம் தேடாமலே தமிழருக்குப் புரியக்கூடிய ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நம் நீ, நீங்கள் போலவே இரண்டு முன்னிலைச் சொற்கள் இருந்தன. ஒருமைச் சொல்லைக் கீழோருக்கும் நெருங்கியவருக்கும், பன்மைச் சொல்லை மேலோருக்கும் வழங்கினார்கள். குவேக்கர்கள் ஒரே ஆளைப் பன்மையில் அழைப்பது இலக்கணப் பொய் என்றும், மனிதரின் அகந்தைக்குத் தீனி போடுவது என்றும் சொல்லி, நீதிபதியையும், நிலப்பிரபுவையும், அரசரையும், பெற்ற தகப்பனையும் "நீ" என்றே அழைத்தார்கள். பல மொழிகளில் ஒருமையும் பன்மையும் எப்படி வேறுபடுகின்றன என்று விளக்கி 1660இல் ஃபாக்ஸும் அவருடைய தோழர்களும் ஒரு தடித்த நூலே வெளியிட்டார்கள் என்றால், இது அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்று தெரியும். இன்றைய ஆங்கிலேயருக்கு இந்தச் சண்டை ஏதோ பழங்கதை. பன்மைச் சொல்லே எல்லாருக்கும் பொதுவாகிவிட்டதால் அதன் சூடு அவர்களுக்கு உறைக்காது. தமிழ் பேசுகிறவருக்கு உறைக்கும். மாமனாரை "நீ" என்று அழைத்துப் பாருங்கள். ஆயர் ஐயாவிடம் "நீ என்ன பிரசங்கம் பண்ணின?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு எழுத்துக்குள் எத்தனை தலைமுறைகளின் அடுக்கு அடைந்துகிடக்கிறது என்று நாக்கு கூசும்போதுதான் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். ஆங்கில ஜெபப்புத்தகம் கடவுளை ஒருமையில் அழைக்கிறது. அப்படியானால் ஓர் ஆங்கிலிக்கன் கனவான் கடவுளிடம் "நீ" என்றும் பக்கத்து ஊர்ப் பிரபுவிடம் "நீங்கள்" என்றும் பேசிக்கொண்டிருந்தார். கடவுளுக்குப் போதுமான சொல் உமக்குப் போதாதா என்ற குவேக்கர் கேள்வி எங்கே குத்தியிருக்கும் என்று புரிகிறது. தமிழில் நாம் வேறு வழியில் போனோம். தேவாரமும் திருவாசகமும் பாடியவர்கள் இறைவனை உரிமையோடு "நீ" என்று விளித்த மொழியில், நம் வேதாகமமும் ஜெபப்புத்தகமும் "நீர்" என்றும் "தேவரீர்" என்றும் எழுதின. அந்த "நீர்" என்ற சொல் சிங்கப்பூரில் இன்று ஏறக்குறைய ஜெபத்தில் மட்டுமே ஒலிக்கிறது. அன்றாடப் பேச்சிலிருந்து விலகிய சொல் ஒன்றைக் கடவுளுக்கென்று எடுத்துவைப்பதில் ஒரு பயபக்தி இருக்கிறது. நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பக்தி மனிதருக்கு மனிதர் அளக்கும் மரியாதையாக வழிந்து இறங்கியபோது நடந்ததைப் பற்றித்தான் குவேக்கர்கள் பேசினார்கள்.

தொப்பியும் அப்படித்தான். அக்கால ஆங்கிலேய ஆண்கள் வீட்டுக்குள்ளும் தொப்பி அணிந்திருப்பார்கள். மேலோர் முன் அதைக் கழற்றுவது மரியாதை. குவேக்கர்கள் ஜெபிக்கும்போது மட்டும் கழற்றினார்கள், வேறு யாருக்கும் கழற்ற மறுத்தார்கள். தாமஸ் எல்வுட் என்ற இளைஞர் தம் தகப்பன் முன் தொப்பியோடு நின்றதற்காக அடிபட்டார். தகப்பன் அவருடைய தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டார். இதைப் படித்தபோது என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். செம்பவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். துரை மோட்டார் வண்டியில் வரும்போது தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டி கண்ணுக்கு மறையும்வரை நிற்க வேண்டும் என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே துரை ஞாயிற்றுக்கிழமை ஆங்கில ஆராதனையில் மண்டியிட்டவர். தாத்தா மாலைத் தமிழ் ஆராதனையில் மண்டியிட்டவர். இருவரும் ஒரே திருச்சபை. அந்தத் துண்டைப் பற்றித் திருச்சபை எதுவும் சொன்னதாகத் தாத்தா சொன்னதில்லை.

1670 செப்டம்பரில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற குவேக்கர்கள் இருவரும் லண்டன் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட கதையில் தொப்பிக்கு ஒரு காட்சி உண்டு. அவர்கள் வெறுந்தலையோடுதான் நுழைந்தார்கள். அதிகாரி ஒருவர் ஆணைப்படி அவர்கள் தலையில் தொப்பிகளை மீண்டும் வைத்தார். உடனே தொப்பியைக் கழற்றாத அவமதிப்புக்காக அபராதம் விதிக்கப்பட்டது. அவர்கள்மேல் சாட்டப்பட்ட உண்மையான குற்றம், படைவீரர்கள் குவேக்கர்கள் கூடி ஆராதிக்கும் கூட்டவீட்டை மூடிவிட்டதால் கிரேஸ்சர்ச் தெருவில் வெளியே நின்று பிரசங்கம் செய்தது. கலகக்காரர் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நீதிபதிகள் வற்புறுத்தியும், தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு ஜூரிகள் மறுத்தார்கள். உணவும் தண்ணீரும் நெருப்பும் இல்லாமல் இரண்டு இரவுகள் பூட்டி வைத்தும் மறுத்தார்கள். அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போன எட்வர்ட் புஷெல் என்ற ஜூரியின் மனுவின்மேல் தலைமை நீதிபதி வான் அளித்த தீர்ப்பு, ஜூரிகளை அவர்களுடைய தீர்ப்புக்காகத் தண்டிக்க முடியாது என்று நிலைநாட்டியது. சிங்கப்பூரில் ஜூரி முறை 1969இலேயே நீக்கப்பட்டுவிட்டதால் இங்குள்ள இளைஞர்களுக்கு அதன் எடை சட்டென்று விளங்காது. அன்று அந்த அறையில் பூட்டப்பட்ட பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் சாதாரண வணிகர்கள் என்பதை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு என் திருச்சபையின் தரப்பையும் நான் உள்ளபடி சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பின் துன்பத்தை மட்டும் சொல்வது பாதிக் கதையாகிவிடும். 1662இல் குவேக்கர்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றிய ஆங்கிலிக்கர்கள் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் எல்லாவற்றையும் இழந்து மீண்டவர்கள். 1645இல் அவர்களுடைய பேராயர் லாட் தலை வெட்டப்பட்டார். அதே ஆண்டு ஜெபப்புத்தகம் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு அத்தியட்சர் (பிஷப்) பதவியே ஒழிக்கப்பட்டது. 1649இல் அரசரின் தலையும் விழுந்தது. ஆவியானவர் எனக்குச் சொன்னார் என்று சொல்லிக்கொண்டு ஆயுதம் எடுத்தவர்களை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். 1656இல் குவேக்கர் தலைவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் நெய்லர், இயேசு எருசலேமுக்குள் பவனி வந்ததுபோல் குதிரைமேல் பிரிஸ்டலுக்குள் நுழைந்தார், கூட வந்தவர்கள் ஓசன்னா பாடினார்கள். அவருக்கு நாடாளுமன்றம் விதித்த தண்டனை கொடூரமானது, நாக்கைத் துளைத்தார்கள், நெற்றியில் சூடு போட்டார்கள்; அதைச் செய்தது கடும் சீர்திருத்தவாதிகளான பியூரிட்டன்களின் நாடாளுமன்றம், ஆங்கிலிக்கர் அல்ல. ஆனால் உள்ளொளிக்கு வெளியிலிருந்து ஒரு அளவுகோல் வேண்டாமா என்ற ஆங்கிலிக்கன் கேள்வி நெய்லருக்குப் பிறகு வலுத்தது. 1661 ஜனவரியில் வென்னர் என்பவர் லண்டனில் ஒரு சிறு ஆயுதக் கிளர்ச்சி நடத்தியதும் ஆயிரக்கணக்கான குவேக்கர்கள் சிறையிலடைக்கப்பட்டார்கள். எந்த நோக்கத்துக்காகவும் வெளி ஆயுதங்களால் போரிட மாட்டோம் என்று அவர்கள் அரசர் இரண்டாம் சார்லசுக்கு அறிக்கை கொடுத்தது அந்த வாரங்களில்தான். அச்சம் உண்மையானது, அச்சத்துக்குரியவர்கள் குவேக்கர்கள் அல்லர்.

ஞானஸ்நானத்தையும் இராப்போஜனத்தையும் பற்றிய வாதத்தில் நான் என் திருச்சபையோடு நிற்கிறேன். தண்ணீரும் அப்பமும் திராட்சரசமும் நிழல்கள், பொருள் வந்தபின் நிழல் எதற்கு என்பது குவேக்கர் நிலை. 1676இல் லத்தீனில் வெளிவந்த தம் நூலில் ராபர்ட் பார்க்ளே இதை மிக நேர்த்தியாக வாதிட்டிருக்கிறார். அவருக்கு நான் சொல்லக்கூடியது என் அம்மாவின் கடைசி மாதங்களைத்தான். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. என் பெயர் அவர் நாவுக்கு வரவில்லை. ஆயர் மருத்துவமனைப் படுக்கையருகே நற்கருணை கொண்டுவந்து "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கியபோது, அம்மாவின் உதடுகள் கூடவே அசைந்தன, சில சொற்கள் ஒலியாகவும் வந்தன. எழுபது ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்ன அந்தச் சொற்கள் மூளையின் வேறேதோ அறையில் பத்திரமாக இருந்திருக்கின்றன. அச்சடித்த ஜெபம் உயிரற்றது, ஆவியின் ஏவுதலால் அப்போதைக்கப்போது எழுவதே ஜெபம் என்று குவேக்கர்கள் சொல்லும்போது, ஏவுதலைச் சொல்லாக்கும் வலிமை இழந்தவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்காகத் திருச்சபை சேர்த்துவைத்த சொற்கள் அவை. அம்மா அப்பத்தை விழுங்கும்வரை ஆயர் அவர் தாடையைத் தாங்கிப்பிடித்திருந்தார்.

அதே ஜெபப்புத்தகத்தைத்தான் 1662இல் சட்டம் எல்லார்மேலும் திணித்தது. அதன் ஒழுங்குப்படி அல்லாமல், வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி ஆராதித்தால் குற்றம் என்றது 1664ஆம் ஆண்டின் சட்டம். எட்வர்ட் பரோ என்ற குவேக்கர் பிரசங்கி முப்பது வயதுகூட நிறையாமல் 1663இல் நியூகேட் சிறையில் இறந்தார். 1682இல் பிரிஸ்டலில் பெரியவர்கள் அனைவரையும் சிறையிலிட்டபோது, பிள்ளைகள் தாங்களாகவே கூடி மௌன ஆராதனையைத் தொடர்ந்தார்கள், அவர்களையும் அடித்தார்கள். என் அம்மாவின் உதட்டில் நின்ற புத்தகத்துக்காக அந்தப் பிள்ளைகள் அடிபட்டார்கள் என்பதை நான் விழுங்கக் கஷ்டப்படுகிறேன்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைப் பற்றி ஓரிரு வார்த்தைகள் போதும். நம் தமிழ்ச் சபைகளில் அது மனமுவந்து உறையில் போட்டுக் கொடுக்கும் காணிக்கை. அன்றைய இங்கிலாந்தில் அது சட்டப்படி வசூலிக்கப்பட்ட பங்கு, சில இடங்களில் குருவானவருக்குக்கூடப் போகாமல் நிலப்பிரபுவுக்குப் போனது. கொடுக்க மறுத்த குவேக்கரின் வீட்டுக்கு வந்து, பாக்கியைவிட அதிக மதிப்புள்ள மாட்டையும் பாத்திரத்தையும் கொண்டுபோவார்கள். குவேக்கர்கள் ஆலயக் கட்டடத்தைச் சபை என்று அழைக்க மறுத்து, கூர்கோபுர வீடு என்றார்கள். சபை என்பது மனிதர்கள் என்பதே காரணம். எங்கள் திருநெல்வேலிப் பேச்சில் கட்டடம் கோயில், கூடுகிறவர்கள் சபை. இரண்டையும் நாங்கள் குழப்பிக்கொள்வதே இல்லை.

திருநெல்வேலி என்றதும், இந்த வழக்கில் என்னை மிகவும் வியக்கவைத்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜார்ஜ் கீத் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், முதல் தலைமுறைக் குவேக்கர்களுள் பெரிய கல்விமான், 1677இல் ஃபாக்ஸ், பென், பார்க்ளே ஆகியோரோடு ஐரோப்பாவில் ஊழியம் செய்தவர். 1689இல் பிலடெல்பியாவில் பள்ளித் தலைமையாசிரியரானார். அங்கே அவருக்கும் மற்ற நண்பர்களுக்கும் பிணக்கு வந்தது. உள்ளிருக்கும் கிறிஸ்துவைப் பற்றியே பேசிப் பேசி, எருசலேமுக்கு வெளியே சிலுவையில் மரித்த கிறிஸ்துவை மறக்கிறீர்கள், எழுத்தில் ஒரு விசுவாச அறிக்கை வேண்டும் என்றார் கீத். 1692இல் அவரை விலக்கினார்கள். அவர் 1700இல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஊழியத்துக்கு அபிஷேகம் பெற்றார். 1701இல் தொடங்கப்பட்ட நற்செய்தி பரப்பும் சங்கம் தன் முதல் மிஷனரியாக 1702இல் அமெரிக்காவுக்கு அனுப்பியது இவரைத்தான்; போன இடமெல்லாம் பழைய தோழர்களோடு வாதிட்டார். அந்தச் சங்கம்தான் எங்கள் ஊர்களில் எஸ்.பி.ஜி. என்று இன்றும் முதியவர்கள் சொல்லும் சங்கம். நாசரேத்திலும் முதலூரிலும் பள்ளிகளும் கோயில்களும் கட்டியது, இடையன்குடியில் கால்டுவெல்லை வைத்திருந்தது. என் பாட்டியின் பாட்டி எழுத்துக் கற்றது அதன் பள்ளியில். அந்த மரத்தின் முதல் கிளை, குவேக்கர்களோடு சண்டையிட்டு வந்த ஒரு குவேக்கர்.

கீத்தின் கதையில் எந்தத் தரப்புக்கும் எளிதில் சாயாத ஒரு திருப்பமும் உண்டு. பிலடெல்பியாவில் அவரோடு சேர்ந்து பிரிந்துபோனவர்கள் 1693இல் அடிமைகளை வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் எதிராக ஒரு துண்டறிக்கை அச்சிட்டார்கள். அப்போது பென் உட்படக் குவேக்கர்களே பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். கீத் பிறகு சேர்ந்த சங்கமோ, 1710இல் பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்பவரின் கரும்புத் தோட்டங்களை உயிலில் பெற்று, அடிமைகளின் எஜமானாயிற்று. சங்கத்தின் பெயரை அவர்கள் மார்பில் சூடு போட்ட காலமும் உண்டு. 2006இல் இங்கிலாந்துத் திருச்சபை இதற்காக மன்னிப்புக் கேட்டது. குவேக்கர்கள் 18ஆம் நூற்றாண்டில் தங்களுக்குள் கடிந்துகொண்டு, அடிமை வைத்திருப்பவர்களை விலக்கும் நிலைக்கு வந்துசேர்ந்தார்கள். 1787 மே மாதம் லண்டனில் அடிமை வணிக ஒழிப்புக்காக அமைந்த குழுவில் பன்னிரண்டு பேர். ஒன்பது பேர் குவேக்கர்கள், மூவர் ஆங்கிலிக்கர்கள். ஆணையிட மறுப்பதால் குவேக்கர் எவரும் நாடாளுமன்றத்தில் அமர முடியாத நிலையில், வில்பர்ஃபோர்ஸ் என்ற ஆங்கிலிக்கன் உள்ளே பேசினார், குவேக்கர்கள் வெளியே கையெழுத்துத் திரட்டினார்கள். 1807இல் அந்த வணிகம் சட்டத்தால் ஒழிந்தது.

சட்டத்தின் கதவுகள் மெதுவாகத் திறந்தன. 1689இல் ஆராதனைக்கு அனுமதி. 1696இல் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி, அதுவும் குற்றவியல் சாட்சியத்துக்கும் அரசுப் பதவிக்கும் செல்லாது. அதிலும் கடவுளின் பெயர் இருந்ததால் சிலர் மனம் ஒப்பவில்லை, 1722இல் அதை எளிமையாக்கினார்கள். 1833இல் ஜோசஃப் பீஸ் உறுதிமொழி எடுத்து நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் குவேக்கரானார். பழைய பல்கலைக்கழகங்களின் சமயத் தடை 1871இல் நீங்கியது.

என் மூத்த மகன் தேசிய சேவைக்குச் சேர்ந்த நாளில் நாங்கள் குடும்பமாக ராணுவப் பயிற்சி முகாம் உள்ள புலாவ் தெக்கோங் தீவுக்குப் போனோம். புதிய பையன்கள் வலக்கையை உயர்த்தி நாட்டுக்கு விசுவாச உறுதி எடுத்தபோது, ஆட்சியாளரின் கட்டளைப்படி ஆயுதம் ஏந்தலாம் என்கிற 37ஆம் கோட்பாடும், ஆணையிடலாம் என்கிற 39ஆம் கோட்பாடும் ஒரே நிமிடத்தில் என் மகனின் குரலில் கேட்டன. அவன் செய்தது சரி என்றே நம்புகிறேன். இந்தச் சிறு தீவைக் காக்க யாரோ ஒருவர் பிள்ளை போக வேண்டும் என்றால் என் பிள்ளையும் போக வேண்டும். ஆனாலும் ஃபாக்ஸைப் படித்த பிறகு, அந்த உயர்ந்த கைகளின் வரிசை என் நினைவில் முன்பு இருந்ததைவிடக் கனமாக இருக்கிறது.

விபத்து வழக்கு இந்த ஆண்டு மீண்டும் விசாரணைக்கு வந்து, என்னை இரண்டாம் முறை அழைத்தார்கள். 39ஆம் கோட்பாடு ஆணையிடலாம் என்றுதான் சொல்கிறது, ஆணையிட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை என்று என் மகளிடம் விளக்கிவிட்டுப் போனேன். கூண்டில் அதே மொழிபெயர்ப்பாளர் அம்மையார், அதே கேள்வி. "உறுதிமொழி" என்றேன். அவர் தாளில் ஒரு குறி போட்டுவிட்டு, வாசகம் எழுதிய அட்டையை மாற்றி என்னிடம் நீட்டினார்.